ஜட்ஜ் கொண்டுவந்த மைக்குப்பி

காலையில் அவள் எழுந்து வந்தபோது கூடத்தில் நான்கு தூண்கள் நின்றன. படுக்கப் போகும்போது அவை இல்லை. தலையில் சுருள் சுருளாக இலைகள், உடம்பு முழுக்க வரிப்பள்ளம், அடியில் 'கவனம், உடையும்' என்று ஒட்டிய தாள். உடையாது. ஃபைபர். எட்டி உதைத்தால் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும், அவ்வளவுதான்.

தூண்களுக்கு நடுவில் சிங்கக்கால் வைத்த நீள சோபா. அதற்கு முன்னால் அதே சிங்கத்தின் தம்பி கால்களில் நிற்கும் குட்டை மேசை. மூலையில் மூக்கு இல்லாத ஒரு தலை. மூக்கு உடைந்து போகவில்லை. மூக்கே இல்லாமல்தான் வார்த்திருந்தார்கள். அப்போதுதான் பழசு மாதிரி இருக்குமாம்.

"என்னங்க இது?"

சோபாவில் சாய்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் வாய் நிறைய நுரையோடு சொன்னார். "ரோமாபுரி."

"எடுங்க."

"ஜட்ஜ் வர்றார்ல? ரோமானியக் குப்பி குடுக்க வர்றவர் ரோமானிய வீட்டைப் பாக்கட்டுமே."

"அவர் பாத்தா வாசல்லயே திரும்பிப் போயிடுவார். எடுங்கன்னா எடுங்க."

அவள் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க மற்றவர்களின் இரத்தத்தைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். விடுமுறை நாளில் ஓய்வெடுக்காமல், மண்ணைத் தோண்டி எடுத்த ரோமானியக் காலத்துக் கண்ணாடிக் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் குப்பி. அது வீடு வரைக்கும் தொற்றிவிட்டது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒதுங்கி வழிவிடுவாள்.

கணவருக்குத் தெருவில் பெயர் தூண்காரர். மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அலங்காரச் சாமான்களை வாடகைக்கு விடுவது தொழில். தூண், வளைவு, ஜாடி, சிலை, சிங்கக்கால் வைத்த எதுவானாலும் அவர் கிடங்கில் கிடைக்கும். புதுசாக வார்த்ததைப் பழசாக்குவதில் கெட்டிக்காரர். டீத்தூள் தண்ணீர், சாம்பல், முத்து மினுமினுப்புள்ள ஒரு ஸ்பிரே, இவ்வளவு போதும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. அவர் வைத்திருப்பதெல்லாம் போலி என்பது அவள் கட்சி. அவள் வைத்திருப்பதெல்லாம் செத்தவன் வீட்டு எண்ணெய் பாட்டில் என்பது அவர் கட்சி. மற்றபடி நல்ல தம்பதிதான்.

"அண்ணி சொல்றதைக் கேளுண்ணா," என்றபடி கொழுந்தன் உள்ளே வந்தான். கிடங்கு வேனை ஓட்டுபவன் அவன்தான். தூண்களை விடியற்காலையில் மாடிப்படியேற்றியவனும் அவனாகத்தான் இருக்கும். முகத்தில் அந்தக் களைப்பு இருந்தது. "நான் அப்பவே சொன்னேன், அண்ணி எந்திரிச்சா நம்மளை ரோமாபுரிக்கே அனுப்பிடுவாங்கன்னு."

"நீ வாயை மூடிட்டுத் தூணைத் தூக்கு," என்றாள் குப்பி.

அப்போதுதான் ஒரு தூணின் தலையில் அதைப் பார்த்தாள். இரண்டு குழாய்களை ஒட்டவைத்த மாதிரி ஒரு குப்பி. விரல் உயரம். பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. மேலே பச்சையும் ஊதாவுமாக ஒரு பளபளப்பு. அடுத்த தூணிலும் அதேபோல் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

ஜட்ஜிடம் இருக்கும் இரட்டை மைக்குப்பியின் அதே அச்சு. ரோமானியப் பெண்கள் கண்ணுக்கு இடும் மையை வைத்திருந்த குப்பி. அதன் படத்தை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, பால் எடுக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் பார்ப்பது வழக்கம். படத்தைப் பார்த்து இவர் ரெசினில் வார்த்திருக்கிறார்.

"எப்படி?" என்றார் தூண்காரர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்து. "ஹோட்டல் ஆர்டர். மேசைக்கு ஒண்ணு. ஒனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். அந்தக் கிழவர்கிட்ட எதுக்குக் கெஞ்சணும்?"

அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். கனமாக, வெதுவெதுப்பாக, சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. மூன்றையும் கோணிப்பையில் போட்டுக் கொழுந்தன் கையில் திணித்தாள். "ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது. பட்டா நடக்கறதே வேற."

*

ஜட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று வெகுகாலமாகியும் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் போகாத மனிதர். குப்பி சேர்ப்பவர்கள் ஒரு சின்ன வட்டமாக ஞாயிறு மாலைகளில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவார்கள். பல்வலிக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். வட்டத்துக்கு விதிகளை வகுத்தவர் ஜட்ஜ். குப்பியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. மேசையில் வை, அடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒட்டிய இடம்தான் முதலில் விடும். தண்ணீரைக் கிட்டே கொண்டுவரவே கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தன் குப்பியை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால், தானே அந்த வீட்டுக்குப் போய், தன் கையால் ஓரிடத்தில் வைத்து, கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பார். மனதுக்கு ஒப்பினால் விட்டுவிட்டு வருவார். ஒப்பாவிட்டால் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

ஜட்ஜ் மகன் வீட்டோடு போகப் போகிறார். அங்கே இடமில்லை. நல்ல குப்பிகள் எல்லாவற்றையும் வட்டத்துக்குள்ளேயே கொடுத்து முடித்தாயிற்று. மிச்சம் இந்த மைக்குப்பி ஒன்று. அதை முதலில் பல் டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். டாக்டரின் அலமாரியில் விளக்கு, பூட்டு, ஈரப்பதம் காட்டும் கருவி எல்லாம் உண்டு. அரை மணிக்குள் குப்பியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். விளக்கு சூடாக இருக்கிறதென்று மட்டும் சொன்னாராம். டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களுக்குத் தலைவலி என்று வரவில்லை.

இப்போது குப்பியின் முறை. அவளிடம் விளக்கு வைத்த அலமாரியெல்லாம் இல்லை. பரிசோதனைக் குழாய் வைக்கும் தாங்கிகளில் பஞ்சு வைத்து, அதில் தன் குப்பிகளை நிறுத்தியிருந்தாள். ஆனால் அந்த மைக்குப்பி வேண்டும். வீடு, நகை, பதவி உயர்வு எதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. இது வேண்டும்.

*

கொழுந்தன் இரண்டு தூண்களைக் கீழே கொண்டுபோனபோதே ஜட்ஜ் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால். நீதிமன்றத்தில் எல்லோரையும் காக்கவைத்த பாவத்தைக் கழிக்கிறாரோ என்னவோ, எங்கே போனாலும் முன்கூட்டியே போய் நிற்பார்.

குப்பி சமையலறையில் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் முழு வேகத்தில் கொட்டியது. கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தூண்காரர் வரவேற்றார். ஜட்ஜ் அறையைச் சுற்றிப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைத் திறந்தார், மிச்சமிருந்த தூண் ஒன்றின் தலையில் மைக்குப்பியை வைத்தார். சன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுந்தது. பிறகு, "கை கழுவணும்," என்றார். தூண்காரர் குளியலறையைக் காட்டினார்.

குழாயை மூடிவிட்டு, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட குப்பி கூடத்துக்கு வந்தாள். தூண் நின்றது. தூணின் மேல் அது நின்றது.

"சொன்னேனா இல்லையா?"

"ஏய்..." என்றார் தூண்காரர்.

"ஒண்ணுகூடக் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" விறுவிறுவென்று போய், ஈரக் கையால் கைப்பிடியைப் பிடித்து, வாளியைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கினாள்.

"ஏய், அது..."

"பேசாதீங்க. பாத்தவுடனே தெரியல, சுத்தப் போலின்னு? எந்த ரோமாக்காரன் இப்படிக் கைப்பிடி வெப்பான்? இது ஒரு தடிமன், அது ஒரு தடிமன். கலரைப் பாருங்க. மண்ணுக்குள்ள கிடந்தது இவ்வளவு அழகாவா இருக்கும்? அளவுக்கு மீறி அழகா இருந்தா அதுவே சந்தேகம். ஒரு சின்னப் பிள்ளையைக் கூட இதை வெச்சு ஏமாத்த முடியாது." பேசிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கைத் தண்ணீர் குப்பி முழுக்கப் பரவியது.

தூண்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். புருவத்தால் காட்டினார். கடைசியில் மொத்தத் தலையாலும் காட்டினார்.

அவளுக்கு அது எட்டவில்லை. வேறொன்று எட்டியது. கையில் கனமே இல்லை. காலையில் தூக்கியது சோப்புக் கட்டி. இது முட்டை ஓடு. சில்லென்று இருந்தது.

குளியலறை வாசலில் ஜட்ஜ் துண்டோடு நின்றார்.

ஒரு காரியத்தை மட்டும் அவள் சரியாகச் செய்தாள். கீழே போடவில்லை. மெல்லக் குனிந்து, இரண்டு கையாலும் அதைச் சிங்கக்கால் மேசையின் மேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

ஜட்ஜ் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பரிசோதனை முடிவை வாங்க வருகிறவர்களின் முகத்தை அவள் தினமும் பார்க்கிறாள். பயந்துகொண்டிருந்தது உறுதியாகும்போது ஒரு மாதிரி தொய்ந்து போகுமே, அந்த முகம்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"சார், நான்..."

"வேண்டாம். நீங்க சொன்ன அதே வார்த்தை. அளவுக்கு மீறி அழகு. வாங்கின நாள்லேர்ந்து அது என்னை அரிச்சுட்டே இருக்கு. வித்தவன் நாலு வருஷத்துல வேற கேஸ்ல மாட்டினான், போலி வித்ததுக்கு. வெளிய சொல்லலை. யார்கிட்ட சொல்ல? வட்டத்துக்கே நான்தானே பெரிய மனுஷன்."

"அப்ப பல் டாக்டர் வீட்டுல விளக்கு சூடுன்னு..."

"விளக்கும் இல்ல, சூடும் இல்ல. பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வந்தார். நான் பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

தூண்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சினிமாவில் பாதியில் நுழைந்தவர் மாதிரி இருந்தது அவர் நிலைமை.

"அட, இதைப் பாருங்க!" ஜட்ஜ் குனிந்தார். குரலில் ஒரு கசந்த சிரிப்பு. "சாயம் போயிடுச்சு! தண்ணி பட்டதும் சாயம் போயிடுச்சும்மா!"

போய்த்தான் இருந்தது. பச்சை இல்லை, ஊதா இல்லை. ஈரத்தில் நனைந்து, மங்கலான பழுப்புக் கண்ணாடியாக நின்றது குப்பி. இருமல் மருந்து பாட்டிலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

"விஷயம் முடிஞ்சது," என்றார் ஜட்ஜ். சோபாவில் நன்றாகச் சாய்ந்தார். ஏதோ இறக்கி வைத்த மாதிரி. "நீங்களே வெச்சுக்கோங்க. உங்க வீட்டுக்காரர் சாமான்களோட ஒண்ணா இருக்கட்டும். வட்டத்துல மட்டும் மூச்சு விடாதீங்க. ஒரு டீ கிடைக்குமா?"

*

சமையலறையில் தூண்காரர் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "என்னடி நடக்குது?"

"அது அசல்."

"சாயம் போச்சே!"

"சாயம் இல்லீங்க. மண்ணுக்குள்ள கிடந்து மேல் தோல் ஏடு ஏடா உரிஞ்சிருக்கும். அந்த ஏட்டுக்கு நடுவுல காத்து இருக்கறதாலதான் கலர். தண்ணி புகுந்தா கலர் தெரியாது. காஞ்சா திரும்ப வரும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"வட்டத்துல சேர்ந்த புதுசுல ஒண்ணைக் கழுவித் தொலைச்சேன். கலர் போனதும் உக்காந்து அழுதேன். சட்டி கழுவிட்டு வந்து பாத்தா கலர் திரும்பியிருக்கு."

அது வட்டத்தில் யாருக்கும் தெரியாது. விதியை மீறியவளால்தானே அதைத் தெரிந்துகொள்ள முடியும். ஜட்ஜ் தன் விதியைத் தானே மீறாத மனிதர். அந்தக் குப்பிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்.

தூண்காரர் யோசித்தார். வியாபாரி. கணக்கு சட்டென்று ஓடியது. "அதாவது, காயறதுக்குள்ள அவர் கிளம்பிட்டா, குப்பி ஒனக்கு."

"ம்."

"காஞ்சிட்டா?"

"தெரிஞ்சுடும்."

"காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"காத்து இல்லன்னா மெதுவாத்தான் ஆகும். டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் தாங்கும்."

"அப்ப டீயைச் சின்ன டம்ளர்ல குடு," என்றார் தூண்காரர்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சின்ன டம்ளரைத்தான் எடுத்தாள்.

"ரொம்பச் சூடா வேண்டாம். ஆத்தியே குடு. ஒரே மடக்குல முடிச்சுடுவார்."

"சும்மா இருங்க."

"நான் எதுவும் சொல்லல. அவரா குடுக்கறார். நீ கேக்கவே இல்ல. நீ போலின்னு சொன்னது என் குப்பியை. அவர் தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டா நாம என்ன பண்றது?"

இப்படித்தான் இருந்தது விஷயம். பொய் சொல்ல வேண்டியதே இல்லை. சும்மா இருந்தால் போதும். அவள் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்ததில்லை.

டீயை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொழுந்தன் கீழிருந்து வந்து மூக்கில்லாத தலையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது மாதிரி.

"என்ன அண்ணி, ஊமையாயிட்டீங்க? குப்பி கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது, கிடைச்சுது," என்றார் ஜட்ஜ். "இந்த சோபா யார் செஞ்சது? முதுகுக்கு இதமா இருக்கே. என் வீட்டுல எல்லாமே இரும்பு நாற்காலி. என் சம்சாரம் இருந்தவரைக்கும் குப்பிக்கே இடம் தரமாட்டா, சோபாவுக்கு எங்க போறது."

தூண்காரர் முகம் மலர்ந்தது. "நான்தாங்க செஞ்சேன். ஒவ்வொரு நகமும் கையால இழைச்சது."

"அப்படியா! இது போலின்னு சொல்லியே செஞ்ச போலி. நாணயமான பொருள். வேர்க்குது, கொஞ்சம் ஃபேன் போடறீங்களா?"

"இதோ," என்று எழுந்தார் தூண்காரர், பழக்க தோஷம்.

"போடாதீங்க!" என்று கத்தினாள் குப்பி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சுவிட்சுல ஷாக் அடிக்குது," என்றாள்.

"எப்பலேர்ந்து?" என்றான் கொழுந்தன். "நேத்துகூட நான்..."

"நீ அந்தத் தலையைக் கொண்டுபோய் வேன்ல வெச்சிட்டு வா."

"தலை எங்கயும் ஓடிடாது அண்ணி. இது என்னன்னு பாத்துட்டுப் போறேன்."

ஜட்ஜ் டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஆற்றித்தான் கொடுத்திருந்தாள், இருந்தாலும் ஊதினார். அவசரமே இல்லாத மனிதர். குப்பி சற்றுத் தள்ளி நின்று மைக்குப்பியையே பார்த்தாள். தோள்பட்டையில் இன்னும் ஈரம் மின்னியது. வாய் விளிம்பில் மட்டும் ஒரு மயிரிழை, வெளிர் பச்சையா அல்லது அவள் பிரமையா, தெரியவில்லை. ஜட்ஜின் கண்ணாடி மூக்கு நுனியில் இறங்கியிருந்தது. அவர் குப்பியைப் பார்க்கவே இல்லை.

பார்க்காதது மட்டுமில்லை. டம்ளரை வைக்க இடம் வேண்டுமென்று புறங்கையால் அதை ஓரமாகத் தள்ளினார். இத்தனை வருஷம் அதைப் பஞ்சில் வைத்துத் தூக்கித் திரிந்த மனிதர். மேசை விளிம்புக்கு விரல் அகலம்தான் பாக்கி.

"இன்னும் கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" என்றார்.

தூண்காரர் ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவும் கரண்டியுமாக வந்தார். ஜட்ஜ் போட்டுக் கலக்கினார். நிதானமாகக் கலக்கினார். பிறகு ஈரக் கரண்டியை எங்கே வைப்பது என்று இரண்டு பக்கமும் பார்த்தார். மேசையில் தட்டு இல்லை. மைக்குப்பியின் இரண்டு வாய்களுக்கும் குறுக்கே அதைப் படுக்க வைத்தார். பொருத்தமாக உட்கார்ந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு கைப்பிடி வழியாக இறங்கியது.

"இதுக்காவது ஆச்சு," என்றார் ஜட்ஜ். கொழுந்தன் சிரித்தான்.

குப்பி நடந்துபோய் ஃபேனைப் போட்டாள். முழு வேகத்தில் போட்டாள்.

தூண்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஷாக் அடிக்கலையா அண்ணி?" என்றான் கொழுந்தன். அவள் திரும்பி வந்து கரண்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார், கொஞ்ச நேரம் அதையே பாருங்க," என்றாள்.

"எதை?"

"குப்பியை."

"அதான் பாத்தாச்சே."

"பாருங்க சார்."

முதலில் விளிம்பில்தான் வந்தது. அவள் பிரமை என்று நினைத்த அந்த மயிரிழை தடித்தது. அங்கிருந்து ஒரு பச்சை கழுத்துக்கு இறங்கியது. தோள்பட்டையில் செம்பு நிறம் திட்டுத் திட்டாகப் பூத்தது. காற்று படாத பக்கம் இன்னும் இருமல் மருந்து பாட்டிலாகவே இருந்தது. பட்ட பக்கம் ஊதாவும் பொன்னுமாக மாறிக்கொண்டு வந்தது. யாரோ உள்ளேயிருந்து திரியைத் தூண்டிவிடுவது மாதிரி இருந்தது. தூண்காரரே வாயைப் பிளந்து பார்த்தார். இவ்வளவு வருஷமாக ஸ்பிரே அடிக்கிறவர்.

ஜட்ஜ் கண்ணாடியை மேலே தள்ளினார். சோபாவிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டார். கணவனும் மனைவியும் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனதைத் தட்டிவிட்டார்.

"இது எப்படி?"

அவள் சொன்னாள். ஏடு, காற்று, தண்ணீர். காலையில் வந்த ரெசின் குப்பிகள், கோணிப்பை, தான் போலி என்று திட்டியது எதை நினைத்து என்பது வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை.

ஜட்ஜ் ஜட்ஜானார். "அந்தப் போலியைக் கொண்டுவாங்க. தண்ணியும்."

கொழுந்தன் வேனுக்கு ஓடி ஒன்றை எடுத்து வந்தான். நனைத்தார்கள். முத்து மினுமினுப்பு அப்படியே இருந்தது. ஈரத்தில் இன்னும் கொஞ்சம் மினுங்கியது. ஜட்ஜ் அதைத் துடைத்தார், மறுபடியும் நனைத்தார். பிறகு மைக்குப்பியைப் பார்த்தார். அது முழுசாகக் காய்ந்துவிட்டிருந்தது. சன்னல் பக்கம் திரும்பினார். மூக்கைச் சிந்தினார்.

திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. "கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கினியே, ஒனக்கு அறிவிருக்கா?"

"சார்..."

"ஈரக் கையோட! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீ வட்டத்துக்கு வந்து எத்தனை வருஷமாச்சு? வாளியைத் தூக்கற மாதிரி தூக்குறா!"

"நீங்க கரண்டி வெச்சீங்க சார்."

"அது போலின்னு நெனச்சு வெச்சேன்!"

"நானும் அப்படி நெனச்சுத்தான் தூக்கினேன்!"

ஜட்ஜ் பெட்டியைத் திறந்தார். மைக்குப்பியை அடியில் ஒரு கையும் தோளில் ஒரு கையுமாக எடுத்துப் பஞ்சில் படுக்க வைத்து மூடினார். மூடிய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இதை இனி யாருக்கும் குடுக்கறதா இல்ல," என்றார். "மகன் வீட்டுல இடம் இல்லன்னா என் தலையணைக்குப் பக்கத்துல இருக்கும். சந்தேகம் இருந்ததாலதான் ஒவ்வொரு வீடா தூக்கிட்டு அலைஞ்சேன். இப்ப எனக்கென்ன தலையெழுத்து?"

வழக்கம் அவர் பக்கம். காரணம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு போகலாம். அவர் காரணமும் சொல்லிவிட்டார். குப்பி தலையை ஆட்டினாள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். தூக்கித்தான் வைத்துக்கொண்டாள்.

வாசல் வரை போன ஜட்ஜ் நின்றார். அறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அந்த சோபா... வாடகைக்கு மட்டும்தானா?"

"ஐயோ, உங்களுக்கு வாடகையாவது ஒண்ணாவது," என்றார் தூண்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜட்ஜ் தன் சிங்கத்தைப் புகழ்ந்துவிட்டார், மனிதர் மிதந்துகொண்டிருந்தார். "எடுத்துக்கோங்க சார். இப்பவே வேன்ல ஏத்திடறோம்."

"மகன் என்ன சொல்லுவானோ."

"உக்காந்து பாத்தார்னா ஒண்ணும் சொல்லமாட்டார்."

ஆக, கொடுக்க வந்தவர் குப்பியையும் எடுத்துக்கொண்டு சோபாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் முன்னால் படியிறங்க, பின்னால் சோபா இறங்கியது. கொழுந்தன் கீழ்ப்பக்கம். மேல்பக்கம் தூண்காரர் ஒரு கால், குப்பி ஒரு கால்.

"மெதுவா, மெதுவா," என்றார் ஜட்ஜ் திரும்பாமலே. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

படி திரும்பும் இடத்தில் சோபா சிக்கிக்கொண்டது. கொழுந்தன் கீழே இருந்து ஏதோ கத்தினான். நிமிர்த்து, சாய், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சிங்கத்தின் நகம் ஒன்று குப்பியின் முழங்கையைக் கீறியது.

"கைக்கு வந்தது," என்றார் தூண்காரர் மூச்சு வாங்க. ஜட்ஜுக்குக் கேட்காத குரலில். "ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம் சும்மா இருந்திருந்தா இந்நேரம் உன் தாங்கியில இருக்கும். அந்தப் பாழாப்போன ஃபேனை எதுக்குடி போட்டே?"

குப்பி சிங்கக்காலை மாற்றிப் பிடித்தாள்.

"வேர்த்துச்சு," என்றாள். "தூக்குங்க."